சூரியனுக்கு எதிராகத் திறந்த ஸ்டெப்னி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் பஞ்சரானால் மாட்டுவதற்கு இன்னொரு சக்கரத்தை வண்டியின் முதுகில் எப்படித் தொங்கவிடுவது என்று ஆராய, ஒன்பது உறுப்பினர்கள், ஒரு முத்திரை, ஒரு மேசைக்கொடி சகிதம் குழு அமைத்த பெருமை உலகிலேயே எங்கள் மாகாணத்துக்கு மட்டும்தான் உண்டு. மங்கோலியாவின் மற்ற இருபது மாகாணங்களும் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும்.

இந்தச் சரித்திரத்தை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது. அந்தத் தாங்கியைச் செய்தவள் நான். குழு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'தேநீர் ஏற்பாடு: பொறியாளர் துங்கலாக்' என்று அச்சாகியிருப்பதும் நான்தான்.

அக்டோபர் முதல் வாரம், மாகாண வாகனப் பட்டறைக்குச் சகான்ஷாந்த் வட்டத்து மருத்துவமனை வண்டி வந்தது. சாம்பல் நிற ரஷ்ய வேன். ஓட்டுநர் ஒச்சிர்கூ இறங்கினார். மருத்துவச்சி செவெல்மா இறங்கினார். அவர்களுக்குப் பின்னால் பெட்ரோல் வாடை இறங்கியது.

“தங்கச்சி, நீதான் இஞ்சினியராமே?” என்றார் ஒச்சிர்கூ.

“ஆமாண்ணே.”

“படிச்ச இஞ்சினியரா, சொல்லிக்கிற இஞ்சினியரா?”

“படிச்சதுதான். சொல்லிக்கத்தான் ஆள் கிடைக்கல.”

அவர் பின்கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஸ்ட்ரெச்சர். அதன் இருபக்கமும் இரண்டு ஸ்டெப்னி. தலைமாட்டில் இருபது லிட்டர் பெட்ரோல் கேன் நான்கு. சகான்ஷாந்த் இங்கிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் இல்லை, பஞ்சர் கடை இல்லை. பாதை இருக்கிறது என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஆகவே டயரும் பெட்ரோலும் நோயாளியும் ஒரே அறையில் பயணம் செய்கிறார்கள்.

“போன மாசம் இந்த வண்டியில ஒரு பய பொறந்தான்,” என்றார் செவெல்மா. “முதல் மூச்சே தொண்ணூத்திரண்டாம் நம்பர் பெட்ரோல். அழறதுக்குப் பதிலா தும்முனான். ஆயுசு நூறுன்னு சொல்லிட்டு நான் ஜன்னலைத் தேடுனேன்.”

ஒச்சிர்கூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“என் பொண்டாட்டி ஹந்தாவுக்கு நவம்பர் கடைசியில தேதி. போன தடவையே வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. இந்தத் தடவை இங்க மாகாண ஆஸ்பத்திரிக்குப் படுக்க வச்சுத்தான் கொண்டு வரணும்னு அக்கா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். டயரும் கேனும் வெளிய தொங்கணும். பின்கதவு தொறக்கணும். ஸ்ட்ரெச்சர் உள்ள போகணும். அவ்வளவுதான்.”

இதைவிடத் தெளிவான வடிவமைப்புக் குறிப்பை என் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரும் தந்ததில்லை.

நான்கு நாளில் செய்து முடித்தேன். பழைய குளியல் கூடத்தைப் பிரித்தபோது கிடைத்த சதுரக் குழாய்கள் சட்டத்துக்கு. செத்துப்போன லாரியொன்றின் முன்சக்கர பேரிங், கீலுக்கு. மைனஸ் நாற்பதிலும் இறுகாத கிரீஸ். புகைக்குழாய் இடப்பக்கம் இருந்ததால் கேன்களை வலப்பக்கம் வைத்தேன். கனம் அங்கே போனதால் கீலையும் வலப்பக்கமே வைத்தேன். குளிரில் வெறும் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் கைப்பிடிக்குக் கம்பளி சுற்றினேன். கனமான கையுறை போட்ட கையால் கொண்டியைத் தூக்கி, சுண்டுவிரலால் தள்ளினால் போதும்: டயரும் கேன்களுமாக மொத்தத் தாங்கியும் கதவு மாதிரி விலகி நிற்கும். பின்னால் வேனின் கதவுகள் தாராளமாகத் திறக்கும்.

ஒச்சிர்கூ அதை ஏழு முறை திறந்து மூடினார். எட்டாவது முறை திறந்தபோதுதான் மாகாணத் துணைத் தலைவர் ஜம்பல்தோர்ஜ் அந்தப் பக்கமாக வந்தார்.

அவர் தொலைநோக்கு உள்ளவர். கண்ணெதிரே இருப்பது தெரியாது. அது வேறு விஷயம்.

“இது என்னது?”

“ஸ்டெப்னி தாங்கி ஐயா. மருத்துவமனை வண்டிக்கு.”

“யார் அனுமதி குடுத்தா?”

“பஞ்சர் ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். “இதை ஒரு வண்டியோட விடலாமா? பதினேழு வட்டத்துக்கும் ஒரே மாதிரி போகணும். இது முன்மாதிரி! வண்டி இங்கயே நிக்கட்டும்” என்றார்.

“எவ்வளவு நாளுங்க?” என்றார் ஒச்சிர்கூ.

“முன்மாதிரி ஆகிற வரைக்கும்.”

இப்படித்தான் 'வெளிப்பாதை வாகனங்களுக்கான உபரிச் சக்கர மற்றும் எரிபொருள் கலத் தாங்கி முன்மாதிரி ஆய்வுக் குழு' பிறந்தது. செவெல்மா கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார். ஒச்சிர்கூ வண்டியோடு பட்டறையிலேயே தங்கினார். சகான்ஷாந்தில் நோயாளிகள், குழு தன் ஆய்வை முடிக்கும் வரை, உடல்நலத்துடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

முதல் கூட்டம் பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. ஒன்பது பேரும் ஒருவருக்கொருவர் மூக்குப்பொடிச் சிமிழை நீட்டி, வாங்கி, முகர்ந்து, திருப்பித் தந்து, ஆடுமாடுகளின் நலம் விசாரித்து முடிக்கும்போது பன்னிரண்டேகால். ஒன்பது பேரில் எட்டு பேர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். ஆடு எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லா ஆடுகளும் நலமாக இருந்தன. பிறகு ஆட்டிறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த பூஸ் கொழுக்கட்டை வந்தது. பிறகு உப்புத் தேநீர். அது என் 'ஏற்பாடு'.

மூன்று மணிக்கு எல்லோரும் வண்டியைப் பார்க்க வெளியே வந்தார்கள். நான் கொண்டியைத் தூக்கித் தாங்கியைத் தள்ளினேன்.

“நிறுத்துங்க!”

கத்தியவர் பண்பாட்டு ஆலோசகர் லாக்வாஜாவ். ஒல்லியான மனிதர். மார்பில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“எதிர்ச்சுத்து!” என்றார்.

எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். எங்களுக்கு எதுவும் சூரியன் போகும் திசையில்தான் சுற்ற வேண்டும். கூடாரத்துக்குள் அப்படித்தான் நடப்போம். கணவாய்க் கற்குவியலை அப்படித்தான் மூன்று முறை வலம் வருவோம். தேநீர்க் கிண்ணமும் அப்படித்தான் கைமாறும். எதிர்ப்பக்கம் சுற்றினால் காரியம் உருப்படாது. என் தாங்கியோ வலப்பக்கக் கீலில் தொங்கிக்கொண்டு, சூரியனுக்கு நேரெதிராக, வெட்கமில்லாமல் திறந்து நின்றது.

“இவ்வளவு படிச்ச பொண்ணு, இது கூடவா தெரியாது?” என்றார் ஜம்பல்தோர்ஜ்.

“கீலை இடப்பக்கம் மாத்துனா கேன் புகைக்குழாய் மேல வரும் ஐயா. பெட்ரோல் கேன். சூடான புகைக்குழாய்.”

“அது தொழில்நுட்பப் பிரச்சினை. இது நாகரிகப் பிரச்சினை.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஐந்து வருஷப் பொறியியல் படிப்பில் அந்தப் பாடம் மட்டும் வைக்கவில்லை.

“சரி ஐயா, மாத்திடறேன்னே வச்சுக்குங்க. தொறக்கறது சூரியன் பக்கம் போகும். மூடறப்போ? வந்த வழியாத்தானே திரும்பணும்? அப்ப அது எதிர்ச்சுத்துதானே?”

ஜம்பல்தோர்ஜ் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு மேலும் மூன்று கூட்டங்கள், நூற்று எண்பது பூஸ், ஐந்து வாரம் ஆயின. நடவடிக்கைக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. சில பகுதிகள் சந்ததிகளுக்காக.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், மூடும்போது எதிராகத் திரும்பாமல், அதே திசையிலேயே முழுவட்டம் அடித்துப் பழைய இடத்துக்கு வரச் செய்யலாமே என்றார்.

“அதுக்குத் தாங்கி வண்டிக்கு நடுவுல புகுந்து போகணும் ஐயா,” என்றேன்.

“டெக்னிக்கலா முடியாதா?”

“முடியும். வண்டி இல்லேன்னா முடியும்.”

'வண்டி இல்லாத மாற்று வழி பரிசீலனையில் வைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் கூட்டத்தில் நில அளவைத் துறை உறுப்பினர், தகப்பன் மாதிரி நல்ல மனிதர், திடீரென்று வேனுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“தொறங்க!” என்று அடியிலிருந்து குரல் வந்தது. திறந்தேன். “அட, இங்கேருந்து பாத்தா சரியாத்தானே சுத்துது!”

“அங்கேருந்து யாருய்யா பாக்கப் போறாங்க?” என்றார் ஜம்பல்தோர்ஜ்.

“நான் பாக்கறேனே!”

'உறுப்பினரின் பார்வை மிகவும் கீழ்மட்டமானது என்பதால் ஏற்கப்படவில்லை.'

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஒச்சிர்கூ வாசலில் நின்று கேட்பார்: “முடிஞ்சுதா தங்கச்சி?” நான் தலையை ஆட்டுவேன். அவர் விரல் விட்டு நாள் எண்ணுவார். முற்றத்தில் பனி கணுக்கால் வரை ஏறியது. ஹந்தா போனில் தினமும் சொன்னாளாம்: “உங்க வண்டிக்கு மீட்டிங் முடியறதுக்குள்ள உங்க புள்ளை நடந்தே வந்து சேந்துரும்.”

நான்காம் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. அதன் அழகுக்காக அப்படியே தருகிறேன்:

'திறக்கும் திசை குறித்த சர்ச்சை, திறப்பதனால் மட்டுமே எழுகிறது. திறக்கப்படாத தாங்கிக்குத் திசை கிடையாது. ஆகவே தாங்கியானது வெல்டிங் செய்யப்பட்டு நிரந்தரமாக மூடப்படும். கீல் எந்தப் பக்கமும் இருக்கலாம்.'

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதற்குள் ஒச்சிர்கூ உள்ளே வந்துவிட்டார்.

“ஐயா, பஞ்சரானா ஸ்டெப்னிய எப்படி எடுக்கறது?”

“ஸ்டெப்னிங்கறது ஒரு நம்பிக்கை, தம்பி,” என்றார் ஜம்பல்தோர்ஜ், பூஸைக் கீழே வைத்துவிட்டு. “நம்பிக்கைய யாராச்சும் கழட்டுவாங்களா?”

“பின்கதவு தொறக்காதேய்யா.”

“பக்கவாட்டுக் கதவு இருக்குல்ல?”

“ஸ்ட்ரெச்சர் அதுல திரும்பாது.”

“நடந்து ஏறட்டும். நடை உடம்புக்கு நல்லது.”

“நான் வெல்டிங் வைக்க மாட்டேன்,” என்றேன் நான்.

“வேணாம்மா. சுரங்கத்துலேருந்து ஆள் வரச் சொல்றேன். அவங்க வெல்டிங் வச்சா இடி விழுந்தாலும் விடாது.”

அந்த வாக்கியம் என் கொள்கையை உடனே திருத்தியது. நானே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒச்சிர்கூ என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்குக் கெடுதல் என்று குழுவை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிஷம் ஜன்னலில் நீல வெளிச்சம் பளிச்சிட்டது. பிறகு கறுப்பு பெயின்ட். கொண்டிக்கு மேலே விரல் பருமனுக்குத் தழும்பு தழும்பாக, அழகான பற்றவைப்பு. ஜம்பல்தோர்ஜ் அதைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டி, “இதுதான் தரம்” என்றார்.

ஒச்சிர்கூ அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் மனதில் இருப்பதை மூன்று மைலுக்கு அப்பாலும் முகத்தில் காட்டுகிற மனிதர் அவர். விழா வேறு மறுநாள் இருந்தது.

விழாவுக்கு வெள்ளிக் கிண்ணத்தில் பால் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் தெளித்தார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் சக்கரமா, சாமானா என்று ஒரு சிறு விவாதம் நடந்தது. பண்பாட்டு ஆலோசகர் லாக்வாஜாவ் நீலப் பட்டுத் துணியை ஓட்டுநரின் பின்பார்வைக் கண்ணாடியில் கட்டுவதற்காக வேனுக்குள் ஏறினார். வண்டிக்கு முன்னால் சிவப்பு நாடா. எட்டுப் பேச்சாளர்கள். இரண்டாவது பேச்சாளர் சக்கரத்தின் வரலாற்றில் குதிரை வரை வந்தபோது ஒச்சிர்கூவின் போன் அடித்தது.

செவெல்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. “வலி வந்துருச்சுடா! பத்து நாள் முன்னாடியே! வண்டிய எடு!”

“ஐயா, நான் கிளம்பறேன்,” என்றார் ஒச்சிர்கூ.

“இன்னும் ஆறு பேச்சு இருக்கே தம்பி.”

ஒச்சிர்கூ ஏறினார். நான் பக்கவாட்டுக் கதவில் தாவி ஏறினேன். வண்டி கிளம்பியது. நாடா வண்டியின் மூக்கில் சுற்றிக்கொண்டு அறுந்தது. கத்தரிக்கோல் இல்லாமல், பயனாளியே நேரடியாகத் திறந்துவைத்த ஒரே அரசு விழா அதுதான் என்று அறிக்கை பெருமைப்படுகிறது.

“நிறுத்துப்பா! நான் உள்ள இருக்கேன்!” என்றார் லாக்வாஜாவ், பட்டுத் துணியோடு.

“தெரியுதுங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

நூற்று நாற்பது கிலோமீட்டர். ஒச்சிர்கூ என் பக்கம் திரும்பவே இல்லை. லாக்வாஜாவ் தலை கூரையில் இடிக்கும்போதெல்லாம் ஒரு மந்திரம் சொன்னார். நிறையச் சொன்னார்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சகான்ஷாந்த் மருத்துவமனை வாசலில் நின்றோம். ஹந்தாவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். செவெல்மா வண்டியின் பின்னால் வந்து அந்தக் கறுப்புத் தழும்பைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை யார் பண்ணது?”

“நான்தான்க்கா.”

“படிச்ச கழுதை! குடும்பத்துலயே முதல் ஆளாப் பட்டம் வாங்கினது இதுக்காடி? இவளை நான் எது வழியா ஏத்துவேன்? ஜன்னல் வழியாவா?”

“ஒரு சுத்தியல் குடுங்கக்கா.”

“சுத்தியலா? உனக்கா? நான் போடறேன் உன் தலையில!”

ஒச்சிர்கூவே எடுத்துக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஒரே தட்டுத்தான். வெல்டிங் பிஸ்கட் மாதிரி உடைந்து பனியில் உதிர்ந்தது. புட்டி. காரின் தகட்டில் விழுந்த பள்ளத்தை அடைக்கப் பூசுகிற சாதாரணப் பசை. விரலால் நெளிநெளியாக இழுத்து, காயவைத்து, பெயின்ட் அடித்தது. ஜன்னலில் தெரிந்த நீல வெளிச்சத்துக்காக ஓரமாகக் கிடந்த ஓட்டைப் பக்கெட்டில் வெல்டிங் பழகிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கெட் இப்போது ஒழுகுவதில்லை.

கொண்டியைத் தூக்கினேன். சுண்டுவிரலால் தள்ளினேன். தாங்கி விலகியது.

ஆறு வாரத்துக்கான கோபத்தை எங்கே வைப்பது என்று ஒச்சிர்கூவுக்குத் தெரியவில்லை. “அடிப்பாவி,” என்றார். “நூத்தி நாப்பது கிலோமீட்டரும் உன்னை மனசுக்குள்ள வஞ்சுகிட்டே வந்தேனே!”

“போறப்போ திருப்பி வாங்கிக்குங்கண்ணே. முதல்ல தூக்குங்க.”

எல்லோரும் அப்போதுதான் லாக்வாஜாவை நினைத்தார்கள். அவர் தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது சூரியனுக்கு எதிராக, முழுசாக, திறந்து நின்றது. ஹந்தா முனகினாள். செவெல்மா அவரிடம், “என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? கால்மாட்டைப் பிடிங்க!” என்றார்.

அவர் பிடித்தார். தூக்கி உள்ளே தள்ளும்போது பனியில் சறுக்கி வண்டிக்கு அடியில் பாதி போய் விழுந்தார். எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலேயே சொன்னார்:

“கீழேருந்து பாத்தேன். சரியாத்தான் சுத்துது.”

திரும்பும் வழியில், சூரியன் இறங்குகிற நேரத்தில், ஆற்றுக் கற்களில் பின்சக்கரம் கிழிந்தது. பதினைந்து நிமிஷத்தில் மாற்றினோம். நட்டுகளை இறுக்கியவர் பண்பாட்டு ஆலோசகர். ஒவ்வொன்றும் சூரியன் போகும் திசையில்தான் இறுகுகிறது என்று கண்டு மிகவும் மகிழ்ந்தார். கழற்றியபோது எந்தப் பக்கம் சுற்றியது என்று நான் கேட்கவில்லை. நானும் கற்றுக்கொண்டு வருகிறேன்.

ஹந்தாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ அறுநூறு. தும்மவில்லை, நன்றாக, உரக்க, குழுவுக்கே கேட்கும்படி அழுதது.

லாக்வாஜாவ் தன் களச் சோதனை அறிக்கையில் எழுதினார்: 'பயணம் முழுவதிலும் தாங்கி குழுவின் எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி நடந்துகொண்டது.' மனிதர் பொய் சொல்லாதவர் என்று பெயர். ஜம்பல்தோர்ஜ் உச்சி குளிர்ந்து, பதினேழு வட்டங்களின் மருத்துவமனை வண்டிகளுக்கும் இதே தாங்கி, இதே வெல்டிங், இதே உத்தரவு என்று கையெழுத்திட்டார். ஜனவரிக்குள் செய்து முடித்தேன். ஒவ்வொரு ஓட்டுநரிடமும் வண்டியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சின்னச் சுத்தியலும் கொடுத்தேன். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் மாகாணத்தில் ஒரு நோயாளி கூட ஜன்னல் வழியாக ஏறவில்லை. ஜம்பல்தோர்ஜுக்குத் தலைநகரத்தில் பதக்கம் கொடுத்தார்கள். 'உத்தரவு முழுமையாக நடைமுறையில் உள்ளது; புகார் ஏதும் இல்லை.'

பதக்கத்தோடு திரும்பியவர், நேரே பட்டறைக்கு வந்தார். வெள்ளை ஜப்பான் ஜீப். முதுகில் தலைநகரத்தில் வாங்கிய பளபளக்கும் தாங்கி, புத்தம்புது டயர், சிவப்பு கேன் இரண்டு.

“எல்லாருக்கும் பண்ணிட்டே, எனக்கு மட்டும் விட்டுட்டியேம்மா,” என்றார். “இதுவும் எதிர்ச்சுத்துதான் தொறக்குது. தலைவரே உத்தரவை மதிக்கலேன்னா ஜனங்க எப்படி மதிப்பாங்க?”

“நியாயம்தான் ஐயா.”

“அந்த முதல் வண்டிக்கு வச்சியே, அதே மாதிரி வை. பலமா.”

“அதைவிட பலமா வைக்கறேன் ஐயா.”

கதவைச் சாத்தவில்லை. எல்லோரும் பார்க்கவே செய்தேன். அடியிலிருந்து நுனி வரை, இரண்டு அடுக்கு, நல்ல ராடு. சுரங்கத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, “யார் கை இது?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே அன்பர்களே, எங்கள் நெடுஞ்சாலையில் எங்காவது ஒரு வெள்ளை ஜீப், காற்றுப்போன டயரோடு, முதுகில் புது டயரைச் சுமந்துகொண்டு நிற்பதையும், பக்கத்தில் பதக்கம் அணிந்த ஒருவர் கையாட்டுவதையும் பார்த்தால், அவசியம் நிறுத்துங்கள். தேநீர் கொடுங்கள். மூக்குப்பொடி கொடுங்கள். ஆடுமாடுகளின் நலம் விசாரியுங்கள். அந்தத் தாங்கியை மட்டும் திறக்க முயல வேண்டாம். நான் அரசு உத்தரவுக்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்த வேலை, மாகாணத்திலேயே அது ஒன்றுதான்.